டிரையர் கத்தினால் எங்கே கை வைப்பது?

கார்த்திகை பிறந்தால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உடுப்புக் கொடி வீட்டுக்குள் வந்துவிடும். நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர், டிசம்பர், ஜனவரியில்தான் கொட்டுகிறது. வராந்தாவில் போட்ட சாரம் நாள் கடந்தும் காயாது. பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில் கரும்புள்ளி விழும். அந்த மாதங்களில் வீட்டுக்குக் கை கொடுப்பது வாஷிங் மெசினின் டிரையர் பக்கம்தான். அது கத்தத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான். வெயில் காலம் முழுக்கச் சும்மா கிடந்த சாமானை மழை தொடங்கியதும் விடாமல் ஓட்டுகிறோம்.

இங்கே நான் எழுதுவது இரட்டைத் தொட்டி மெசினின் டிரையரைப் பற்றி. ஒரு தொட்டியில் கழுவி, மறு தொட்டியில் போட்டுச் சுழற்றிப் பிழிந்து எடுப்போமே, அந்த வகை. சூடான காற்றால் முழுதாகக் காயவைக்கும் பெரிய டிரையர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாகக் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

சத்தம் கேட்ட உடனே "மோட்டர் போயிற்று" என்று முடிவு கட்டாதீர்கள். மோட்டர் பழுதாவது உண்டு, ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். உடுப்பைப் போட்ட விதம், தரையின் சரிவு, ஒரு ஸ்பிரிங், ஒரு பிரேக் கம்பி, ஒரு றப்பர் சீல் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகே மோட்டருக்குப் போகலாம். இவற்றில் எது என்று கண்டுபிடிக்கக் காதும் கையும் ஒரு டோர்ச்சும் போதும். சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதைவிட எந்த நேரத்தில் கேட்கிறது என்பதே அதிகம் சொல்லும்.

உள்ளே என்ன இருக்கிறது

துளைகள் உள்ள ஒரு வாளி வெளித்தொட்டிக்குள் நிற்கிறது. அதை உள்வாளி என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியிலிருந்து ஒரு இரும்புத் தண்டு இறங்கி, வெளித்தொட்டியின் அடியில் இருக்கும் றப்பர் சீலின் நடுவால் போய் மோட்டருடன் சேரும். சேரும் இடத்தில் ஒரு கப்ளிங். அந்தக் கப்ளிங்கோடுதான் பிரேக் டிரம்மும் இருக்கும். மோட்டரை அடித்தட்டில் நேராகப் பூட்டுவதில்லை. மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் அசையக்கூடியதாக உட்கார்த்தி இருப்பார்கள். மூடியைத் திறந்தால் கரண்ட் வெட்டுப்பட்டு, பிரேக் கட்டை டிரம்மில் போய் ஒட்டும். மூடியை மூடினால் ஒரு மெல்லிய கம்பி அந்தக் கட்டையை இழுத்துப் பிரித்து வைக்கும். சாமான் இவ்வளவுதான்.

மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,400 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் வாளியின் ஒரு பக்கத்தில் அரைக் கிலோ பாரம் கூடினால், பதினொரு சென்றிமீற்றர் ஆரமுள்ள வாளியில் அது 100 கிலோவுக்கு மேலான இழுப்பாக மாறும். ஈரமான ஒரு தடித்த மருதமுனைச் சாரத்தை ஒரு பக்கமாகத் திணித்தாலே அரைக் கிலோ வந்துவிடும். மெசின் ஏன் தரையில் நடக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, உங்கள் கண்ணில் படும்படி மெசினின் மேல் வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்ய வேண்டாம். வீட்டில் இன்னொருவர் வந்து தெரியாமல் போட்டுவிடலாம். கிணற்றடியிலோ குளியலறைப் பக்கத்திலோ மெசின் நின்றால் தரை ஈரத்தைத் துடையுங்கள், காலில் றப்பர் செருப்பு இருக்கட்டும். மெயின் போர்ட்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் அது விழ வேண்டும். விழாவிட்டால் டிரையரை மறந்துவிட்டு முதலில் வயரிங் பாஸைக் கூப்பிடுங்கள். ஏர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் வாஷிங் மெசினை ஓட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

இன்னும் ஒன்று. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கலாம். பின் மூடியைத் திறந்ததும் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்த இடம் வரும்போது எப்படி என்று சொல்கிறேன்.

காதால் பார்த்தல்

வாளியில் ஒன்றும் போடாமல், மூடியை மூடி, ஒரு நிமிடம் ஓட விடுங்கள். வெறும் வாளி அமைதியாகச் சுற்றினால் மெசினில் குறையில்லை. குறை உடுப்பை அடுக்கும் விதத்தில் இருக்கிறது. வெறும் வாளியும் கத்தினால், எப்போது கத்துகிறது என்று கவனியுங்கள்.

தொடங்கும்போது சில விநாடியும் நிற்கும்போது சில விநாடியும் மட்டும் ஆடி, இடையில் அடங்கினால் அது இயல்பு. ஸ்பிரிங்கில் நிற்கும் எந்தப் பாரமும் ஒரு குறிப்பிட்ட மெதுவான வேகத்தைக் கடக்கும்போது ஆடத்தான் செய்யும். ஆட்டம் பெரிதாகி, வாளி சுவரில் "தட தட" என்று மோதினால் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள்.

தொடக்கத்திலிருந்து கடைசி வரை "கீச்" என்று ஒரே மாதிரிக் கேட்டால் பிரேக் அல்லது சீல். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். பிரேக் உரசினால் றப்பர் கருகும் மணம் வரும், வாளியும் முழு வேகத்துக்குப் போகாது, உடுப்பு சொட்டச் சொட்ட வெளியே வரும். சீல் காய்ந்து கத்தினால், தொட்டிக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி ஓட்டும்போது பெரும்பாலும் சத்தம் அடங்கும். காய்ந்ததும் திரும்ப வரும்.

வேகம் ஏற ஏற "கர்ர்" என்ற அரைப்புச் சத்தம் தடித்துக்கொண்டு போனால் மோட்டரின் தண்டைத் தாங்கும் பெயரிங் அல்லது புஷ். மெதுவாகச் சுற்றும்போது சுற்றுக்கு ஒரு தடவை "டிங்" என்று தட்டினால் உள்ளே காசு, ஊக்கு, பொத்தான், பிரேசியரின் கம்பி என்று ஏதோ ஒன்று சிக்கியிருக்கிறது. சுற்றாமல் "உம்ம்" என்று மட்டும் முனகினால் உடனே நிறுத்துங்கள். அந்த நிலையில் விட்டால் சில நிமிடங்களில் மோட்டரின் கம்பிச் சுருள் கருகிவிடும்.

மூடியைத் திறந்ததும் ஒரு சின்ன "கிர்ர்" கேட்டு வாளி நிற்பது பிரேக் பிடிக்கும் சத்தம், அதில் பிழையில்லை. பதினைந்து விநாடிக்குள் வாளி முழுதாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த மெசினைத் திருத்தும் வரை பாவிக்க வேண்டாம். சுற்றும் வாளிக்குள் கைவிட்டு, ஈர உடுப்பு விரலில் சுற்றி, விரலையே இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மூடி சுவிட்ச் பழுதென்று அதன் வயர்களை நேராக முடிந்துவிடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. யார் செய்து தந்தாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

திறக்காமலே தீரும் சத்தங்கள்

உடுப்பை அடுக்குவதில் தொடங்குவோம். கழுவிய உடுப்பை உருட்டிப் பந்தாகப் போடாமல், ஒவ்வொன்றாக வாளியின் சுவரை ஒட்டி வட்டமாக வைத்து, அடி வரை அழுத்துங்கள். தடித்த துணி ஒன்று இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவு பாரம் வரட்டும். பெட்ஷீட் ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் ஆட்டம் நிச்சயம். கூடவே இரண்டு துவாயைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், மெசினோடு வந்த அந்த வட்டமான பிளாஸ்டிக் மூடுதட்டைக் கிடையாக அழுத்தி வையுங்கள். பல வீடுகளில் அந்தத் தட்டு எங்கே போனதென்றே தெரியாமல் கிடக்கும். அது இல்லாவிட்டால் மேலிருக்கும் துணி எழும்பி, வாளிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையில் வழுக்கி விழும். நுளம்பு வலை இந்த விஷயத்தில் மிக மோசம். வலையை ஒரு தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி டிரையரில் போடுவதுதான் பாதுகாப்பு.

மழைக்கோட்டு, தண்ணீர் ஊறாத ஜக்கெட், பிளாஸ்டிக் பூச்சுள்ள விரிப்பு இவற்றை டிரையரில் போடவே கூடாது. மாரி காலத்தில் வயல் போய் வந்தவரின் மழைக்கோட்டைப் பிழிந்து எடுக்கலாம் என்று தோன்றும். அதன் மடிப்புக்குள் தேங்கும் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லாததால், வேகம் ஏறும்போது அது ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்து மெசினையே புரட்டிவிடும்.

அடுத்தது தரை. நம் வீடுகளில் மெசின் நிற்பது பெரும்பாலும் பின்பக்கத் திண்ணையில் அல்லது கிணற்றடியில். தண்ணீர் ஓடுவதற்காக அந்தச் சீமெந்துத் தரையைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். மெசினின் மேல் ஒரு கண்ணாடிக் கிளாஸில் பாதி தண்ணீர் வைத்துப் பாருங்கள், சரிவு தெரியும். பல மெசின்களில் ஒரு காலை மட்டும் திருகி உயர்த்தலாம். போதாவிட்டால் தடித்த றப்பர் துண்டுகளை அடியில் வையுங்கள். பலகைத் துண்டு வைத்தால் ஈரத்தில் ஊறி ஒரு மாதத்தில் மறுபடி சரியும். நாலு மூலையையும் மாறி மாறி அழுத்தி, எதுவும் தளம்பாமல் இருந்தால் சரி. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும்.

சிக்கிய சாமானை எடுப்பதும் பல வேளை திறக்காமலே முடியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, வாளியை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்து, இடைவெளிக்குள் டோர்ச் அடியுங்கள். கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக் காலுறை, கைலேஞ்சி போன்றவற்றை இழுத்து எடுக்கலாம். இழுக்கையில் அடியிலிருக்கும் றப்பர் சீல் கிழியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போய் வந்த உடுப்பு என்றால், கழுவும் முன் மண்ணை வெளியே உதறுவது அவசியம். கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில் கரைகளின் மண் துணியின் மடிப்பில் தங்கி, தொட்டியின் அடியில் சேர்ந்து, தண்டையும் சீலையும் அரத்தாள் போல் தேய்த்துவிடும்.

மூடி திறந்திருக்கும்போது வாளியைக் கையால் சுற்றிப் பார்த்து, "கிறுகுதே இல்ல, இறுகிப்போச்சு" என்று பயப்படுபவர்கள் உண்டு. அது இறுகவில்லை, பிரேக் பிடித்திருக்கிறது. கையால் சுற்றிச் சோதிக்க வேண்டுமானால் மூடியை மூடி, பின்பக்கத்தால் கப்ளிங்கைப் பிடித்துச் சுற்ற வேண்டும்.

பின் மூடியைத் திறத்தல்

இதற்கு ஒரு நட்சத்திர ஸ்குரூ டிரைவர், குறடு, பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் ஸ்பனர், துரு இளக்கும் ஸ்பிரே, டோர்ச், படம் எடுக்க ஒரு போன் தேவை.

1. பிளக் வெளியே. கழிவுத் தண்ணீர்க் குழாயைக் கீழே இறக்கி, இரண்டு தொட்டியிலும் உள்ள தண்ணீரை வடிய விடுங்கள்.

2. பின் மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். எழுவான்கரையில், அதாவது கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி பக்கத்தில், உப்புக் காற்று இந்த ஸ்குரூக்களை முதலில் தின்றுவிடும். இறுகிக் கிடந்தால் பலத்தைக் காட்டாமல் ஸ்பிரே அடித்து இரவு விடுங்கள். தலை வழுகினால் வேலை இரட்டிப்பாகும்.

3. எதையும் தொடுமுன் படம் எடுங்கள். வயர் எங்கே போகிறது, பிரேக் கம்பி எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பவை படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

4. கெப்பாசிட்டர் என்பது வயர்கள் வந்து சேரும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி அல்லது உருளை. அதன் உலோக முனைகளைத் தொடாதீர்கள். பழைய இழை பல்ப் ஒன்றை ஹோல்டரில் பூட்டி, அதன் இரண்டு வயர் நுனியையும் கெப்பாசிட்டரின் முனைகளில் சில விநாடி தொட வைத்தால் தேங்கிய கரண்ட் இறங்கிவிடும். மூன்று முனை இருந்தால் ஒவ்வொரு சோடியாகத் தொடுங்கள். இதைச் செய்யத் தயக்கம் இருந்தால், கெப்பாசிட்டர் பக்கம் கையே போகாமல் மற்ற இடங்களை மட்டும் பாருங்கள்.

திறந்ததும் கண்ணில் படுவது பல வேளை எலிக்கூடாக இருக்கும். அறுவடை முடிந்த கையோடு வயல் எலி வீட்டுக்குள் வரும் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே உள்ள பக்கத்தில், இது சாதாரணம். மெசினின் அடி திறந்தே இருப்பதால் எலிக்கு நல்ல இடம். வயரின் உறையைக் கடித்திருந்தால் அந்த வயரை மாற்றாமல் மெசினை ஓட்டக் கூடாது. பிறகு அடியை நெருக்கமான கம்பி வலையால் மூடுங்கள். காற்று போக வழி இருக்கட்டும்.

பிரேக்

வெறும் கையால் தீரக்கூடிய பழுது இது. "கீச்" சத்தத்துக்கு முதல் சந்தேகமும் இதுவே.

டிரையரின் மூடியை ஒருவர் திறந்து மூடட்டும், நீங்கள் பின்னால் இருந்து பாருங்கள். மூடும்போது பிரேக் கட்டை டிரம்மை விட்டு நன்றாக விலக வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும். திறக்கும்போது முழுதாக ஒட்ட வேண்டும். கம்பி நீண்டு தளர்ந்திருந்தால் மூடிய பிறகும் கட்டை உரசிக்கொண்டே இருக்கும். சத்தம், மணம், மோட்டர் சூடு எல்லாம் அதனால்தான். பிரேக் நெம்பில் கம்பி மாட்டும் துளைகள் பல மாடல்களில் இரண்டு மூன்று இருக்கும். கம்பியை அடுத்த துளைக்கு மாற்றி மாட்டினால் இறுக்கம் கூடும். மாற்றிய பிறகு மறுபடி மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால் மூடியைத் திறந்தாலும் பிரேக் பிடிக்காது. சத்தம் போய், அதைவிட ஆபத்தான ஒன்று வந்திருக்கும்.

கம்பி துருவேறி இழைகள் அறுந்திருந்தால் புதிதுதான் போட வேண்டும். கட்டையின் றப்பர் தேய்ந்து உலோகம் தெரிந்தால் கட்டையையும் மாற்றுங்கள். டிரம்மில் துருப் பொருக்கு இருந்தால் மெல்லிய அரத்தாளால் தேய்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். இந்த இடத்தில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக்கூடாது.

ஸ்பிரிங்கும் கப்ளிங்கும்

மேலிருந்து பார்க்கும்போது வாளி வெளித்தொட்டியின் நடுவில் நிற்க வேண்டும். நாலு பக்கமும் தள்ளி விட்டால் நடுவுக்கே திரும்பி வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால் மூன்று ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்திருக்கும், அல்லது அதன் றப்பர் உறை நழுவியிருக்கும். பின்னால் இருந்து டோர்ச் அடித்தால் தெரியும். உடைந்தது ஒன்றானாலும் மூன்றையும் மாற்றுவதுதான் புத்தி. பழைய இரண்டும் தளர்ந்திருக்கும், புதியது ஒன்று மட்டும் விறைப்பாக நின்றால் வாளி மறுபடி சாயும்.

ஸ்பிரிங் மாற்ற உள்வாளியைக் கழற்ற வேண்டும். கப்ளிங்கில் வாளியின் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பூட்டு நெட் ஒன்று. நெட்டைத் தளர்த்தி, போல்ட்டை வெளியே திருகி, வாளியை நேராக மேலே இழுக்க வேண்டும். தண்டு துருவில் பிடித்திருந்தால் ஸ்பிரே, இரவு முழுக்கப் பொறுமை, காலையில் கப்ளிங்கைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுதல். சுத்தியலால் தண்டை அடித்தால் வளைந்துவிடும், வளைந்த தண்டுள்ள வாளி இனி எந்தக் காலத்திலும் அமைதியாகச் சுற்றாது. வாளி வந்த பிறகு மோட்டரின் அடிப் போல்ட்டுகளைக் கழற்ற மெசினைச் சாய்க்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது தண்டில் இருக்கும் குழி கப்ளிங் போல்ட்டின் நேரே வர வேண்டும். போல்ட் அந்தக் குழிக்குள் உட்கார்ந்த பிறகே பூட்டு நெட்டை இறுக்குங்கள். தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் "டக்" என்று அடிக்கும் சத்தம் இந்தப் போல்ட் தளர்ந்ததால்தான் வரும். அதற்கு வாளியைக் கழற்றத் தேவையில்லை, ஸ்பனரால் ஓர் இறுக்கு போதும்.

சீல்

வெளித்தொட்டியின் அடியிலிருக்கும் இந்த றப்பர் சீலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். இது தேய்ந்தால் சத்தத்தோடு நிற்காது. தண்ணீர் தண்டு வழியாக மோட்டரின் மேல் சொட்டும். சின்ன றப்பர் ஒன்றுக்குப் பார்த்து, அதைப் போல பல மடங்கு விலையுள்ள மோட்டரை இழப்பது இந்த வழியில்தான். பின்னால் பார்க்கும்போது மோட்டரின் மேல் வெள்ளை உப்புப் படிவோ காவிக் கறையோ இருந்தால் சீல் கசிகிறது என்று அர்த்தம். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் கழுவும் வீடுகளில் வெள்ளைப் படிவைப் பார்க்கலாம்.

காய்ந்து கத்தும் சீலுக்கு, வாளியைக் கழற்றி, தண்டின் துருவை அரத்தாளால் மழுக்கி, சீலின் நடுப் புஷ்ஷில் சிலிக்கன் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். இன்று சத்தம் அடங்கும், நாளை அழுக்கும் நூலும் அதில் ஒட்டிப் பசையாகும். என்ஜின் எண்ணெய் றப்பரை ஊத வைக்கும். கசியும் சீலை மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். வெளிவிட்டம், தண்டு போகும் துளை, உயரம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் பல வேளை பொருந்தாது.

முனகினால், அரைத்தால்

"உம்ம்" என்று முனகிச் சுற்றாத டிரையருக்கு, பிரேக் விலகுகிறதா, அடியில் துணி சிக்கியதா, சவர்க்கார நுரை வாளியின் அடியில் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் அதுவும் காரணமாகலாம். காலையில் சுற்றி, மாலையில் முனகினால் சந்தேகம் அங்கேதான். இவை எல்லாம் சரி என்றால் கெப்பாசிட்டர். அது ஊதியிருந்தாலோ கசிந்திருந்தாலோ சோதனையே தேவையில்லை. புதியது வாங்கும்போது மைக்ரோ ஃபரட் எண் பழையதில் உள்ளபடியே இருக்க வேண்டும், வோல்ட் எண் குறையக் கூடாது. ஒரே பெட்டிக்குள் கழுவும் மோட்டருக்கும் டிரையர் மோட்டருக்கும் சேர்த்து இரண்டு மதிப்பு இருக்கும் மாடல்களும் உண்டு. வயர்களை மாற்றிவிடாதிருக்கப் படம் உதவும்.

அரைப்புச் சத்தம் மோட்டரிலிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், வீட்டு வேலை அங்கே முடிகிறது. மோட்டரைக் கழற்றி, வயல் தண்ணீர்ப் பம்புகளுக்கு வைன்டிங் செய்யும் கடைக்குக் கொண்டு போங்கள். அவர்களுக்குப் புஷ்ஷும் பெயரிங்கும் மாற்றுவது அன்றாட வேலை. கம்பிச் சுருள் நன்றாக இருந்து பெயரிங் மட்டும் போயிருந்தால் புது மோட்டர் வாங்கத் தேவையில்லை.

வெள்ளத்தில் மெசின் நின்றிருந்தால், வெளியே காய்ந்துவிட்டதென்று நம்பிப் பிளக்கைப் போட வேண்டாம். மோட்டரின் சுருளுக்குள் ஈரம் பல நாள் தங்கும். வைன்டிங் கடையில் மின்கசிவு பார்த்து, உலர்த்திய பிறகுதான் ஓட்ட வேண்டும்.

சூடான காற்று டிரையர் வைத்திருப்பவர்களுக்கு

அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் விடுதி நடத்துபவர்களிடம் இந்த வகை இருக்கிறது. இதில் வாளி கிடையாகச் சுற்றும். பெரிய டிரம்மைச் சின்ன உருளைகள் தாங்க, நீண்ட பெல்ட் ஒன்று சுற்றும். "கீச்" சத்தம் என்றால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கப்பி அல்லது தாங்கும் உருளைகள் காய்ந்து தேய்ந்திருக்கும். பல நாள் சும்மா நின்ற பிறகு "தொப் தொப்" என்று அடித்து, ஓட ஓட அடங்கினால் உருளையோ பெல்ட்டோ ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகியிருக்கிறது. மோட்டர் ஓடும் சத்தம் கேட்டு டிரம் சுற்றாவிட்டால் பெல்ட் அறுந்திருக்கிறது. பிளாஸ்டிக் அதிர்வது போன்ற கடகடப்பு என்றால் காற்றாடிச் சில்லில் பஞ்சோ பொத்தானோ சிக்கியிருக்கும். உருளை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள், பெல்ட்டையும் கூடவே.

சத்தத்தைவிட இதில் முக்கியம் பஞ்சு. ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் பஞ்சைப் பிடிக்கும் வடியைத் துப்புரவு செய்ய வேண்டும். காற்று வெளியேறும் குழாயையும், உள்ளே சூடாக்கும் பகுதியைச் சுற்றிச் சேரும் பஞ்சையும் அவ்வப்போது அகற்ற வேண்டும். காய்ந்த பஞ்சு தீப்பிடித்து எரிந்த டிரையர்கள் பல. மசாஜ் எண்ணெயும் சமையல் எண்ணெயும் ஊறிய துவாய்களை நன்றாகக் கழுவாமல் இதில் போடக்கூடாது. சூட்டோடு மடித்து அடுக்கி வைத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும்.

பாஸிடம் கொடுக்கும்போது

எல்லாம் பார்த்தும் தீராவிட்டால் திருத்துபவரிடம் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. கொண்டு போகும் முன் சத்தத்தைப் போனில் வீடியோவாக எடுங்கள். தொடக்கம், முழு வேகம், மூடியைத் திறந்து நிற்பது மூன்றும் அதில் வரட்டும், வெறும் வாளியில் ஒன்றும் உடுப்புடன் ஒன்றுமாக. கடையில் வேறு தரையில் வைத்து ஓட்டும்போது சத்தம் மாறிவிடும், வீட்டுச் சத்தம் வீடியோவில்தான் இருக்கும். நீங்கள் எதையெல்லாம் பார்த்தீர்கள், எந்தக் கம்பியை எந்தத் துளைக்கு மாற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "பாஸ், கழற்றின பழைய சாமானையும் தாங்க" என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். அடுத்த மாரியில் அதே சீலோ ஸ்பிரிங்கோ வாங்கப் போகும்போது அளவு காட்ட அது வேண்டும்.

திரும்பி வந்த மெசினை முதல் தடவை வெறுமையாக ஒரு நிமிடம், பிறகு இரண்டு துவாயோடு, பிறகுதான் முழுப் பாரத்தோடு ஓட்டுங்கள். முதல் வாரம் முடிந்ததும் பின் மூடியை ஒரு முறை திறந்து, கப்ளிங்கின் பூட்டு நெட் தளர்ந்திருக்கிறதா, மோட்டரின் மேல் புதிதாக ஈரம் பட்டிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.